இழுப்பு வந்துடுச்சு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சட்டைக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நின்ற நாள்வரை காலர் மட்டுமே தைத்தவள். வரிசையில் சட்டைக்கை தைப்பவர்கள் மாறினார்கள், பொத்தான் வைப்பவர்கள் மாறினார்கள். காலர் மட்டும் அவளிடமே இருந்தது. அதனால் காலரக்கா. கொஞ்சம் கையும் தைத்துப் பழகுங்கள் என்று சூப்பர்வைசர் ஒருமுறை சொன்னதற்கு, "சட்டைக்கு மரியாதை கழுத்துல இருக்கு சார், கையில இல்ல" என்றாளாம். அவள் சொன்னதாக ஊர் சொல்லும் கதைகளில் பாதி உண்மையில்லை. இது உண்மை.

அத்தனை வருடத் துணிப் பஞ்சு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டதோ, அல்லது அவள் உடம்பே அப்படித்தானோ, ஐம்பதைத் தாண்டியதும் இழுப்பு வந்தது. தூசி பட்டால் போதும், மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். வீடு என்னவோ தெருவை ஒட்டிய தரைத்தள வீடு. இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் வெற்றிடம். எதிரே தச்சுப் பட்டறை. ரம்பம் ஓடும் நாளெல்லாம் மரத்தூள் காற்றில் மிதந்து வந்து ஜன்னல் விளிம்பில் படியும். புருஷன் போனபிறகு, தன் சம்பாத்தியத்தில் அவள் வாங்கிய வீடு அது.

போன குளிர்காலத்தில் இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. இனிமேல் துடைப்பமே கூடாது, தூசி இழுக்கும் மிஷின்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகன் அன்றே ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கினான். வாங்கிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டான்.

"வீட்ட தூசி இல்லாம வச்சுக்கிட்டா நீ அங்கேயே இரும்மா. ஆனா இன்னொரு தரம் இழுப்பு வந்துச்சு, அப்புறம் பேச்சே கிடையாது. எங்க வீட்டுக்கு வந்துடணும். சரியா?"

மூக்கிலும் வாயிலும் பிராணவாயு மூடி மாட்டியிருந்த நேரம் அது. அவள் தலையை ஆட்டினாள்.

மகன் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எதையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மேலே விலாசம் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிற சுபாவம். கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே தன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனான். நாலாவது மாடி. ஹாலில் அவளுக்கென்று சோபாவைக் கட்டிலாக்கி வைத்திருந்தார்கள். மருமகளும் முகம் கோணாதவள். ஆனால் காலரக்கா எழுந்தால், "உட்காருங்க அத்தை." தண்ணீர் எடுக்கப் போனால், "நீங்க உட்காருங்க, நான் தர்றேன்." அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வேலை உட்காருவது. உடம்பு தேறியதும் பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதன்பிறகு அந்தச் சிவப்பு மிஷினும் அவளும்தான். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப் போவதைப்போல் அதை அறை அறையாக இழுத்துப் போவாள். மெத்தை, திரை, சோபாவின் இடுக்கு, கட்டிலின் அடி, எதையும் விடமாட்டாள். எதிர்ப் பட்டறைக்காரர் மரத்தூள் அனுப்ப அனுப்ப இவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மிஷின்தான் ஒருநாள் இழுக்காமல் போனது.

கம்பளத்தில் கிடந்த நூல்துண்டின் மேல் நாலு தரம் ஓட்டிப் பார்த்தாள். நூல் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது. சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கீச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தபோது காட்டினாள். மகன் சுவிட்சைப் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டான். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு சூடான வாடை வந்தது. பிறகு தானாக நின்றுவிட்டது.

"மோட்டார் போச்சும்மா."

"இன்னும் வருஷம்கூட ஆகலையேடா."

"நீ அதப் போட்டு எடுக்கிற எடுப்புக்கு லாரியே தாங்காது." சிரித்துவிட்டு, கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டான். "இன்னொன்னு வாங்கறதுல அர்த்தமே இல்ல. எதிர்ல அந்தப் பட்டறை இருக்கிறவரைக்கும் நீ வருஷத்துக்கு ஒண்ணு வாங்கணும். பேசாம வந்துடு. மாசக் கடைசியில வண்டி கொண்டு வர்றேன், சாமானெல்லாம் ஏத்திடலாம்."

"தூசி சேர்றதுக்குள்ள வந்துடுங்க அத்தை. ஏற்கெனவே ராத்திரியில இருமறீங்கன்னு மாடி வீட்டுக்காரங்க சொன்னாங்க" என்றாள் மருமகள். அவள் குரலில் கரிசனம் இருந்தது. அதுதான் கஷ்டம். கரிசனத்தோடு சண்டை போடுவது எப்படி என்று காலரக்காவுக்குத் தெரியவில்லை.

அவர்கள் போனதும் மிஷினை ஓரமாக நகர்த்தலாம் என்று போனாள். சுவிட்ச் போட்டபடியே இருந்ததைக் கவனிக்கவில்லை. கால் பட்டு அசைந்ததும் அது தடதடவென்று உயிர் பெற்று ஓடியது. செத்தவன் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த மாதிரி அவள் ஒரு நிமிஷம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்தது. மோட்டார் போனது என்றால் இது என்ன ஓட்டம்? சூடு ஏறினால் தானாக நிற்கிறது, ஆறினால் தானாக ஓடுகிறது. கம்பெனி மிஷின்களும் அப்படித்தான் செய்யும். சாகவில்லை, மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டுவதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

மறுநாள் காலையிலேயே மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மிஷினைப் பின்பக்க வெற்றிடத்துக்கு இழுத்துப் போனாள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தால், உள்ளே இருந்த பை கழுத்துவரை தின்றுவிட்டுப் புடைத்திருந்தது. "இப்படித் தின்னா யாருக்குத்தான் மூச்சு வரும்" என்று அதனிடமே சொல்லி, அதை அப்படியே ஒரு கவரில் இறக்கி முடிச்சுப் போட்டாள். புதுப் பை மாட்டினாள். இழுப்பு கொஞ்சம் தேவலாம். ஆனால் நூல் நகரவில்லை.

அடுத்து, தரையில் ஓடும் தலைப்பகுதியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அதன் உருளை பிரஷில் அவள் தலைமுடியும் நூலுமாகச் சுற்றி, முறுக்கின கயிறு போல் இறுகியிருந்தது. பழைய தையல் பெட்டியிலிருந்து தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்து, தப்பாய் வைத்த காலரைப் பிரிக்கிற அதே பொறுமையோடு ஒவ்வொரு சுற்றாக அறுத்தாள். உருளை விரல் பட்டதும் சுழன்றது. இருந்தும் இழுப்பு வரவில்லை.

அப்புறம் செய்ததுதான் தப்பு. உள்ளே இருந்த பஞ்சு வடிகட்டி கறுப்பாகக் கிடப்பதைப் பார்த்து அதைக் குழாயடியில் நன்றாக அலசினாள். அலசினது சரி. காயும்வரை பொறுக்க மனசு வரவில்லை. இரண்டு கையாலும் பிழிந்துவிட்டு, ஈரத்தோடேயே மாட்டி சுவிட்சைப் போட்டாள். இருந்த கொஞ்ச இழுப்பும் போயிற்று. ஈரத்தில் தூசி ஒட்டிச் சேறாகி, வீடு முழுக்க மழையில் நனைந்த சாக்கு வாடை. அந்த வாடைக்கே அவளுக்கு இருமல் வந்தது. தரையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவசரக்காரி, அவசரக்காரி.

அன்று மாலை மகன் போனில் கேட்டான். "என்னம்மா, பாத்திரமெல்லாம் கட்ட ஆரம்பிச்சாச்சா?"

"இப்பதான் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"என்னத்த?"

"எல்லாத்தையும்" என்று வைத்துவிட்டாள்.

வடிகட்டி வெயிலில் ஒருநாள் முழுக்கக் காய்ந்தது. அதுவரை சும்மா இருக்கப் பிடிக்காமல், முதலில் யோசித்திருக்க வேண்டியதை அப்போதுதான் யோசித்தாள். எங்கே அடைப்பு என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றுவது என்ன வேலை? தையல் அறுந்தால் ஊசியா, நூலா, துணியா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதானே வழக்கம்.

வடிகட்டி காய்ந்ததும் மாட்டிவிட்டு, நீளக் குழாயை மிஷினின் வாயிலிருந்து பிடுங்கினாள். சுவிட்சைப் போட்டு, வெறும் வாயில் உள்ளங்கையை வைத்தாள். கையைக் கவ்விக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு பட்டறைவரை கேட்டிருக்கும். மோட்டார் போச்சாம், மோட்டார்.

அப்படியானால் குழாயில்தான். பிளாஸ்டிக் கைக்குழலைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தாள், வானம் தெரிந்தது. மிச்சம் இருப்பது மடங்கி மடங்கி வரும் நெளிகுழாய். அதை நேராகத் தொங்கவிட்டு ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை உள்ளே போட்டாள். பொத்தான் கீழ்முனையில் வந்து விழவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்பதால், பழைய துடைப்பக் கழியின் நுனியில் துணி சுற்றி, கைப்பிடி முனையிலிருந்து மெதுவாகத் தள்ளினாள். நெஞ்சில் சளி அசைவதைப்போல உள்ளே ஏதோ அசைந்தது. இன்னொரு தள்ளு. பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சும் முடியுமாக ஓர் உருண்டை வெளியே விழுந்தது, பின்னாலேயே பொத்தான். உருண்டையின் நடுவே நீலமாக ஏதோ. குச்சியால் கிளறிப் பார்த்தாள். அவள் உறிஞ்சும் மருந்தின் மூடி. காணோம் காணோம் என்று கட்டிலடியெல்லாம் தேடிய மூடி.

"எனக்கு இழுப்பு நிக்க வாங்கினதுடி நீ" என்றாள் அதைப் பார்த்து. "இந்த மிஷினோட இழுப்ப நிறுத்திட்டு உள்ள உக்காந்திருக்க."

குழாயின் வளைவில் மயிரிழைக் கீறல் ஒன்றும் இருந்தது. குழாயை மாட்டி ஓடவிட்டு, கன்னத்தை வைத்துப் பார்த்தால் காற்று உறிஞ்சுவது தெரிந்தது. டேப் சுற்றினாள். இப்போது சுவிட்சைப் போட்டதும் கீச்சுக் குரல் போய், சத்தம் கனமாக வந்தது. கம்பளத்தில் கிடந்த நூல் தாவிப் போய் உள்ளே நுழைந்தது. அதன்பின் அவளை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கட்டிலைத் தனியாளாக நகர்த்தினாள், சோபாவைத் தள்ளினாள், மூச்சு வாங்க வாங்க நின்று, மகனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். வாயாரச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டேய்... இழுப்பு வந்துடுச்சுடா. முன்ன விட பலமா வந்திருக்கு. சத்தம் மட்டும்... கொஞ்சம் மாறியிருக்கு. யாரும் வர வேண்டாம், நான் தனியாவே பார்த்துக்கிட்டேன். மோட்டாரெல்லாம் ஒண்ணும் போகல... நல்லா கேட்டுக்க."

அனுப்பிவிட்டுப் போனை அடுக்களையில் வைத்தாள். மெத்தையை நடுஅறைக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

அலுவலகத்தில் அந்தச் செய்தியை மகன் கேட்டது பாதிதான். இழுப்பு வந்துவிட்டது, பலமாக, சத்தம் மாறியிருக்கிறது, தனியாக இருக்கிறாள். பேச்சுக்கு நடுவே அந்த மூச்சிரைப்பு வேறு. மோட்டார் என்ற சொல் காதில் விழுமுன் அவன் நாற்காலி பின்னால் சரிந்துவிட்டது. போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வழியில் மனைவியை அவள் வேலை செய்யும் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே ஓயாத உறுமல். தட்டினான், கத்தினான், ஜன்னலில் அடித்தான். பிறகு மூன்றடி பின்னால் போய், கதவை உதைத்தான்.

தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போய்ச் சுவரில் மோதியது. நிலைச்சட்டத்துக்கு மேலிருந்த காரை பொலபொலவென்று உதிர்ந்து, வெள்ளையாகப் புகைந்தது.

காலரக்கா நடுஅறையில் மெத்தையின் மேல் குழாயோடு குனிந்திருந்தாள். திரும்பிப் பார்த்துக் காலால் சுவிட்சை அணைத்தாள்.

"செருப்போட எங்கடா வர்ற?"

"அம்மா, உக்காரு. பேசாத. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடவா?" என்று மனைவியைப் பார்த்தான். மருமகள் அதற்குள் படுக்கையறை அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்திருந்தாள்.

"யாருக்குடா ஆம்புலன்ஸ்?"

"இழுப்பு வந்துடுச்சுன்னு நீதான சொன்ன?"

காலரக்கா மகனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். குழாயைத் தூக்கி அவனிடம் காட்டினாள். "இதுக்குடா."

முதலில் சிரித்தது மருமகள்தான். பையோடு கட்டிலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகன் சிரிக்கவில்லை. பயந்தவனுக்குப் பயம் போனதும் மிச்சம் இருப்பது கோபம்தானே.

"மிஷினுக்கு வந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதான? என் உயிரே போச்சு."

"கடைசிவரைக்கும் கேட்டியா?"

"கதவ அந்தத் தட்டு தட்டறேன், உனக்குக் கேக்கல. இன்னைக்கு மிஷின். நாளைக்கு நெஜமாவே வந்தா? தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள கிடந்தா யாரு வருவா?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். வந்தது இருமல். காரைத் தூசி அதற்குள் அறைக்குள் வந்து இறங்கியிருந்தது. ஓர் இருமல், இன்னொன்று, அப்புறம் நெஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பழகிய விசில். நிஜமான இழுப்பு.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டாள். பக்கத்திலிருந்த மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கி, உறிஞ்சும் குழலில் மாட்டி, உறிஞ்சினாள். உள்ளே பிடித்துவைத்தாள். விட்டாள். மகன் போனை எடுத்தான். மருமகள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க. அவங்களுக்குத் தெரியும்."

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க."

இருவரும் நின்று பார்த்தார்கள். அவள் மறுபடி உறிஞ்சினாள். உதட்டைக் குவித்து, சூடான எதையோ ஆற்றுவதுபோல் மெல்ல ஊதி விட்டாள். தெருவில் ரம்பம் ஓடி நின்றது. விசில் சன்னமாகி, அறுந்து அறுந்து வந்து, ஒரு வழியாக அடங்கியது. மகனின் முகம்தான் இன்னும் அடங்கவில்லை.

"பார்த்தியாம்மா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "வந்துடுச்சு. என் கண்ணு முன்னாடியே வந்துடுச்சு. நாம என்ன பேசினோம்? இன்னொரு தரம் வந்தா கிளம்பிடறதுன்னு பேசினோமா இல்லையா? நீ ஒத்துக்கிட்டியா இல்லையா?"

"ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில வாயில மூடியப் போட்டு வச்சுட்டுக் கேட்ட." அவள் ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு பார்த்துப் பேசினாள். "மாட்டேன்னு சொல்ல மூச்சு வேணும். தலைய ஆட்ட ஒண்ணும் வேணாம்."

"அது என்ன பேச்சு?"

"நாலு நாளா இந்த மிஷினோட மல்லுக்கட்டினேன். எதுக்கு? எனக்கு இழுப்பு வராம இருந்தா இந்த வீட்டுல இருக்கலாம்னு. என்னவோ வீட்டுக்காரர்கிட்ட வாடகை பாக்கி வச்சவ மாதிரி. இப்பதான் உறைக்குது." குப்பியைக் கீழே வைத்தாள். "எனக்கு இழுப்பு வரும்டா. வரத்தான் செய்யும். நாளைக்கும் வரும். இந்த மிஷின் இழுத்தாலும் வரும், இழுக்காட்டியும் வரும். உன் நாலாவது மாடியில வந்ததில்லையா? ரெண்டு தரம் வந்துச்சு. நான் சொல்லல. சோபாவுல உக்காந்தபடியே சமாளிச்சுட்டேன்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "எங்ககிட்ட சொல்லவே இல்லையே அத்தை."

"சொன்னா இன்னும் நல்லா உக்கார வச்சிருப்பீங்க."

மகன் சுவரில் சாய்ந்து நின்றான். உதைத்த கால் வலிக்க ஆரம்பித்திருக்க வேண்டும்; பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"அப்ப நான் பயப்படறது உனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டான். கடைசியில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"இருக்கு. அதனாலதான் சொல்றேன். பகல்ல இனிமே தாழ்ப்பாள் போடமாட்டேன். கதவுல பதிக்கிற பூட்டு வாங்கி மாட்டு, வெளியேருந்தும் திறக்கிற மாதிரி. ஒரு சாவி உங்க வீட்டுல இருக்கட்டும். மிஷின் போடறப்ப போன இடுப்புல சொருகிக்கறேன். அவ்வளவுதான் என்னால முடியும். அதுக்கு மேல கேக்காத."

"அந்தச் சாவிய நான் வச்சுக்கறேன்."

"உன்கிட்ட இல்ல. நீ காலால திறக்கிறவன். அவகிட்ட."

மருமகள் இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

மகன் தரையைப் பார்த்தான். வாசலில் ஆரம்பித்து நடுஅறைவரைக்கும் காரைத்தூள், அதில் அவனுடைய செருப்புத் தடம். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து, குழாயைக் கையில் எடுத்தான்.

"நான் இழுக்கறேன். நீ உள்ள போய் இரு, தூசி வேணாம்."

"பெரிய கட்டியெல்லாம் கையால பொறுக்கிட்டு அப்புறம் போடு. அப்படியே இழுத்தேன்னா பை கிழிஞ்சுடும். குழாய மடக்காத, அங்க டேப் சுத்தியிருக்கு."

"தெரியும்மா."

"மோட்டார் போச்சுன்னு சொன்ன ஆளுதான நீ."

அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மிஷின் ஓடத் தொடங்கியது. கட்டிலில் மருமகள் திணித்து வைத்திருந்த பை வாய் பிளந்து கிடந்தது. பின்னாலேயே வந்த மருமகள் அதை எடுக்கப் போனாள்; காலரக்கா கையசைத்துவிட்டுத் தானே எடுத்தாள். உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி, உதறாமல், மடித்து, அலமாரியில் பழைய இடத்திலேயே அடுக்கினாள். மருமகள் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று, பையை வாய் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது. மகன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தான். தலைமுடியில் காரைத்தூள்.

"முடிஞ்சுது. நல்லாத்தான் இழுக்குது" என்று ஒத்துக்கொண்டான். "பூட்டுக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். வேற ஏதாவது வாங்கணுமா?"

"ஸ்க்ரூ நீளமா பார்த்து வாங்கு" என்றாள் காலரக்கா, கடைசித் துணியை உள்ளே வைத்து அலமாரியைச் சாத்தியபடி. "பழசு ரொம்பச் சின்னது. உன் ஒரு உதைக்கே கழண்டுடுச்சு. இந்தத் தடவ நீ எத்தன உதைச்சாலும் அசையக் கூடாது."